பார்பிகியூ மேசையில் நாம் தேடுவது என்ன?

மஃரிபுக்குப் பிறகு கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை காலி வீதியில் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். யன்னலைத் திறந்தால் வாகனப் புகையோடு இன்னொரு புகையும் உள்ளே வரும். அது சுட்ட கோழியின் புகை. ஓரிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்கோழிகள் கம்பியில் சுழன்றுகொண்டிருக்கும். இன்னோரிடத்தில் கடை வாசலிலேயே இரும்பு அடுப்பை வைத்து ஒருவர் விசிறிக்கொண்டிருப்பார். மாடியில் உள்ள குளிரூட்டிய கடையிலோ, நாம் உட்காரும் மேசையின் நடுவிலேயே தணலைக் கொண்டுவந்து வைப்பார்கள். இன்று எமது நகரத்தில் ஒரு குடும்பம் வெளியே சாப்பிடப் போகிறது என்றால், "பார்பிகியூவுக்குப் போவோமா?" என்ற கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது.

இந்தப் பழக்கத்தைப் பற்றி எமது வீடுகளில் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. பெரியவர்கள், "வீட்டில் இல்லாத என்ன சாப்பாடு அங்கே இருக்கிறது? காசைக் கொட்டிவிட்டு வருகிறார்கள்" என்கிறார்கள். பிள்ளைகளோ, "எல்லாரும் போகிறார்கள், நாங்கள் மட்டும் போகக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். முந்தியவர்கள் காசைக் கணக்குப் பார்க்கிறார்கள். பிந்தியவர்கள் மற்றவர்களைப் பார்க்கிறார்கள். மேசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பார்பிகியூ கடையில் நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டு மணித்தியால நேரம். வீட்டார் எல்லோரும் ஓர் அடுப்பைச் சுற்றி எழும்பாமல் உட்காரும் நேரம். இறைச்சி அதற்கு ஒரு சாட்டு. அந்த நேரத்தை உருப்படியாகப் பயன்படுத்தினால் கொடுத்த காசு தகும். அதை விட்டுவிட்டு வயிற்றை நிரப்புவதையே கணக்காக எடுத்தால், எவ்வளவு சாப்பிட்டாலும் நட்டம்தான்.

முதலில், இந்த உணவு எமக்கு அந்நியமானது என்ற பேச்சைப் பார்ப்போம். 'பார்பிகியூ' என்ற சொல் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களுடையது. தடிகளால் பரண் போல் கட்டி, கீழே தீ மூட்டி, மேலே இறைச்சியையும் மீனையும் வைத்து அவர்கள் வாட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்பானியர் அதை 'பார்பக்கோவா' என்று எழுதிவைத்தார்கள். சொல் அங்கிருந்து வந்தது உண்மை. ஆனால் தணலில் இறைச்சி சுடுவதற்கு எமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இந்த மண்ணுக்கு வந்த மலாய்ச் சமூகத்திடம் சாத்தேயும் உண்டு. குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியும் நிலக்கடலைச் சாறும் கொம்பனித்தெரு மலாய் வீடுகளுக்குப் புதியவையல்ல.

தணலும் எம்முடையதுதான். தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கும் அதிலிருந்து செய்யும் பொருள்களுக்கும் இலங்கை உலகச் சந்தையில் பெயர் பெற்ற நாடு. விறகுக்கரியை விடச் சிரட்டைக் கரி புகை குறைவாகவும் சூடு நிலையாகவும் எரியும். அப்படியானால் பார்பிகியூவின் வாசம் எங்கிருந்து வருகிறது? இறைச்சியிலிருந்து உருகும் கொழுப்பு தணலில் சொட்டிப் புகையாகி, திரும்ப இறைச்சியிலேயே போய் ஒட்டுகிறது. அதனால்தான் வீட்டில் மின் அடுப்பில் அதே மசாலாவைப் போட்டுச் சுட்டாலும் அந்த வாசம் வருவதில்லை. ஆகவே "வீட்டில் இல்லாதது என்ன?" என்ற கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. தணல் இல்லை.

ஆனால் தணல் எப்போதும் ஆசையின் அடையாளமாக இருந்ததில்லை. 2022ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டருக்காக விடியும் முன்பே வரிசையில் நின்றதை இதை வாசிக்கும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுப் பின்வளவில் மூன்று கல் வைத்து உம்மா விறகில் சமைத்தார். அவருடைய உடுப்பிலும் தலைமுடியிலும் புகை மணந்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. அன்று கஷ்டத்தின் வாசமாக இருந்த அதே புகையை இன்று காசு கொடுத்துத் தேடிப் போகிறோம். இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களைத் தாண்டி வந்தவர்கள் ஒரு நாள் சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிடலாம். எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

நாநாவின் முதல் சம்பளத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு மாடிக் கடைக்குப் போனோம். உம்மும்மா, வாப்பா, உம்மா, நாநா, தங்கச்சி, நான். மேசையின் நடுவில் ஒரு பள்ளம். அதற்குள் தணல் நிறைந்த பெட்டியை ஒரு தம்பி கவனமாக இறக்கினார். உம்மும்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுப்ப மேசைக்குக் கொண்டு வந்துட்டா குசினியில என்ன செய்வாங்க?" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

கம்பிகளில் கோழி, மாட்டிறைச்சி, இறால், அன்னாசித் துண்டு எல்லாம் வந்தன. வந்ததும் வாயில் போட முடியாது. கோழியின் வெளிப்புறம் கறுத்தாலும் உள்ளே வெந்திருக்காது. நடுப்பகுதி 74 பாகை செல்சியஸைத் தொட்டால்தான் கோழி பாதுகாப்பானது என்று மனைப்பொருளியல் பாடத்தில் படித்திருந்தேன். அதனால் காத்திருக்க வேண்டும். ஒருவர் கம்பியைத் திருப்ப, இன்னொருவர் எண்ணெய் தடவ, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பசியோடு காத்திருப்பவர்கள் பேசத்தான் செய்வார்கள். வீட்டில் பத்து நிமிடத்தில் முடியும் இராச்சாப்பாடு இங்கே அரை மணித்தியாலமாகியும் தொடங்கவில்லை. பார்பிகியூ மேசையின் பெரிய நன்மை அந்தத் தாமதம்தான் என்று எனக்குப் படுகிறது.

உம்மா இரண்டு தடவை எழும்பப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை எடுக்க ஒரு தடவை, உம்மும்மாவுக்குப் பிளேட் வைக்க ஒரு தடவை. "உம்மா, நீங்க இரிங்க. இங்க உங்களுக்கு வேலயில்ல" என்று தங்கச்சி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எங்கள் வீட்டிலும் உங்களில் பலரின் வீட்டிலும் உம்மா சாப்பிடுவது எப்போது என்று நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறி, குசினிக்கும் மேசைக்கும் நடந்து, கடைசியில் ஆறிப்போன சோற்றோடு தனியே உட்காருவார். அன்று தணலிலிருந்து எடுத்த முதல் துண்டைச் சுடச்சுட அவருடைய பிளேட்டில் வைத்தார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் உம்மா ஒரு கதை சொன்னார். உயர்தரம் முடித்த பிறகு அவர் கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவாகியிருந்தாராம். கடிதமும் வந்ததாம். உம்மும்மாவுக்கு அந்த நேரம் சுகமில்லாததால் போக முடியவில்லையாம். பதினெட்டு வருடமாக அதே வீட்டில் இருக்கும் எனக்கு இது தெரியாது. உம்மும்மா தணலைப் பார்த்தபடியே, "அந்தக் கடிதம் இன்னும் என்ட பெட்டியிலதான் இரிக்கி" என்றார். மேசையில் யாரும் பேசவில்லை. அப்போது நாநா கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்பதரைக்கு பஃபே மூடிடுவாங்க. காசு குடுத்திரிக்கிறோம், எழும்புங்க" என்றார். கதிரைகள் நகர்ந்தன. ஒருவர் பிரியாணிக்கும் ஒருவர் நூடில்ஸுக்கும் ஒருவர் வட்டலாப்பத்துக்குமாகப் பிரிந்தோம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து வீட்டில் அதைப் பற்றிக் கேட்டேன். உம்மா சட்டி தேய்த்துக்கொண்டே, "அது பழைய கத, விடுங்க மகள்" என்றார்.

நாநாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உழைத்த காசு வீணாகக் கூடாது என்றுதான் அவர் எழும்பினார். ஆனால் அந்தக் கடையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு விடயங்கள் நடப்பதை அன்று கண்டேன். நடுவில் இருக்கும் தணல் எம்மை உட்காரச் சொல்கிறது. சுவரோரம் இருக்கும் பஃபே எம்மை எழும்பச் சொல்கிறது. பெரும்பாலான மேசைகளில் பஃபேதான் வென்றது.

பஃபேயின் கணக்கை நாம் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு 5,000 ரூபா என்று ஒரு கடை போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் சிறிதாக இருக்கும். ஒன்று சேவைக் கட்டணம், பெரும்பாலும் 10 சதவீதம். மற்றது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் ஒருவருக்கு 6,000 ரூபாவைத் தாண்டும். ஆறு பேருக்கு 36,000 ரூபாவுக்கும் மேல். பில் வந்த பிறகு வாப்பாமாரின் முகம் மாறுவதற்கு இந்த இரண்டு கூட்டல் குறிகளும் காரணம்.

அவ்வளவு காசு கொடுத்தவுடன் மனம் என்ன சொல்கிறது? "கொடுத்ததை எடுக்க வேண்டும்" என்கிறது. இங்கேதான் ஏமாறுகிறோம். கொடுத்த காசு கொடுத்ததுதான். இரண்டாவது பிளேட்டை நிரப்பினாலும் மூன்றாவது பிளேட்டை நிரப்பினாலும் அதில் ஒரு ரூபாகூடத் திரும்பி வராது. பொருளியல் படிக்கும் தோழிகள் இதை 'மீளப் பெற முடியாத செலவு' என்று சொல்வார்கள். கடைக்காரருக்கு இது நன்றாகத் தெரியும். ஒருவர் அதிகம் சாப்பிட்டால் இன்னொருவர் குறைவாகச் சாப்பிடுவார் என்ற சராசரியை வைத்துத்தான் விலையைப் போடுகிறார்கள். இறைச்சி வருவதற்கு முன் சோளம், உருளைக்கிழங்கு, பாண் துண்டு, இனிப்புச் சோடா என்று வயிற்றை நிரப்பும் மலிவான பொருட்கள் வருவதும் தற்செயலாக நடப்பதில்லை. வயிற்றால் கடையைத் தோற்கடிக்கலாம் என்று நினைப்பவர் தனது வயிற்றைத்தான் தோற்கடிக்கிறார்.

எங்களுக்குப் பக்கத்து மேசையில் இளைஞர் சிலர் இருந்தார்கள். அவர்கள் எழும்பிப் போன பிறகு மேசையைப் பார்த்தேன். தொடாத இறால் கம்பி இரண்டு, கடித்து வைத்த கோழித் துண்டுகள், பாதி பிளேட் பிரியாணி, மூன்று வகை இனிப்பில் ஒவ்வொரு கரண்டி. தணல் கொண்டுவந்த அந்தத் தம்பி எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் தட்டினார். உம்மா அவரிடம், "தம்பி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். "கடை மூடின பிறகுதான் மேடம்" என்றார் அவர். அப்போது மணி பத்தாகப் போகிறது. மாலையிலிருந்து இறைச்சி வாசத்துக்கு நடுவில் நின்று, மற்றவர் மிச்சத்தைப் பையில் தட்டும் ஒருவர் பசியோடு இருந்தார்.

அந்தக் கறுப்புப் பை அதோடு முடிவதில்லை. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீசப்பட்டது. அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகங்கள் போன்ற இடங்களில். ஆகவே கடையை மட்டும் திட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. எமது குசினிக்குத்தான் பெரிய பங்கு.

கொழும்பின் குப்பை எங்கே போனது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புதுவருட நாளில், கொலன்னாவை மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பிறகு கொழும்புக் குப்பையைப் புத்தளம் அருவக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். எங்களில் பலருக்கு அங்கே உறவினர் இருக்கிறார்கள். எமது நகரக் குப்பையில் பாதிக்கும் மேல் உக்கக்கூடிய கழிவு, அதில் பெரும் பங்கு உணவு. கொழும்பில் ஒரு பிளேட்டில் ஆசைக்கு எடுத்து மிச்சம் வைக்கும் பிரியாணி, இன்னோர் ஊரின் தலையில் போய் விழலாம் என்பதை நாம் நினைப்பதில்லை.

இத்தனைக்கும், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் ஒழுங்கு எமது சமூகத்துக்குப் புதிதல்ல. எம்மிடம் சஹன் இருக்கிறது. தட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். நடுவில் சோறு, சுற்றிவரக் கோழியும் இறைச்சியும் அச்சாறும். யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சின்னப் பிள்ளைக்கும் சில விடயங்கள் தெரியும். உனக்கு முன்னால் உள்ளதை எடு. நல்ல துண்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடு. மற்றவர் சாப்பிட்டு முடிக்கும் முன் எழும்பாதே.

சஹனையும் பஃபேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சஹனில் நான் கூட எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் குறையும், அது கண்ணுக்குத் தெரியும். அதனால் கை தானாகவே அளவாகப் போகிறது. பஃபேயில் யாருக்கும் குறையாதது போலத் தோன்றுகிறது, அதனால் கைக்கு அளவு தெரிவதில்லை. சஹனில் ஆறு பேரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிக்கிறோம். பஃபேயில் ஒரே குடும்பம் ஆறு வரிசைகளில் நிற்கிறது. நடுவில் தணல் வைத்த மேசை உண்மையில் சஹனுக்கு நெருங்கிய உறவு. அதைச் சஹன் போல நடத்தினால் அது நல்ல மேசை.

ஹலால் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கும் பணி, முன்னர் அதைச் செய்துவந்த ஜம்இய்யதுல் உலமாவிடமிருந்து தனியான ஒரு சபையிடம் போயிருக்கிறது. சுவரில் சான்றிதழ் இருக்கிறதா, அதன் திகதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பார்பிகியூவில் இன்னொரு கேள்வியும் அவசியம். "கோழி ஹலால்தான்" என்ற பதில் மட்டும் போதாது. அதே கம்பி வலையில் வேறு இறைச்சி சுடப்படுகிறதா, சாறில் மது சேர்க்கப்படுகிறதா என்றும் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லும் கடைகள் நிறைய உண்டு.

இனி எமது வயதுப் பிள்ளைகளின் விடயம். உயர்தர வகுப்புகள் முடியும் காலத்தில் பிரியாவிடைக்கு எங்கே போவது என்ற பேச்சு தொடங்கும். எங்கள் வகுப்பிலும் ஒரு பார்பிகியூ கடையின் பெயர் வந்தது. தலைக்கு எவ்வளவு என்று பலகையில் எழுதினார்கள். பின்வரிசைத் தோழி ஒருத்தி மெதுவாக, "எங்கட வீட்டில விடமாட்டாங்க" என்றாள். இன்னொருத்திக்கு அன்று டியூஷன் இருக்கிறதாம். மூன்றாமவளுக்குத் தலையிடி வரப்போகிறதாம், அதுவும் இரண்டு கிழமைக்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்தச் சாட்டுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். 2022இல் தொழிலை இழந்த வாப்பாமார் எல்லோரும் இன்னும் எழும்பிவிடவில்லை.

ஒரு தோழியைப் பொய் சொல்ல வைக்கும் விருந்து விருந்தாகுமா? நல்ல வேளையாக எங்கள் வகுப்புத் தலைவி அந்தப் பலகையை அழித்துவிட்டு வேறு கணக்குப் போட்டாள். வீதியோரக் கடையில் முழுக்கோழியாகச் சுட்டு வாங்கினால் ஒன்றை நான்கு பேர் பங்கிடலாம். ரொட்டியும் சாலடும் வீட்டிலிருந்து வரலாம். அப்படித்தான் செய்தோம். தணல் வாசம் போகாத கோழிகளைப் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்து, சஹன் தட்டுகளில் வைத்துச் சாப்பிட்டோம். டியூஷன்காரியும் வந்தாள், தலையிடிக்காரியும் வந்தாள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வகுப்புத் தலைவியின் கொப்பியில் மட்டும் இருந்தது. மேசை நடுவில் தணல் இல்லை என்று யாரும் குறைப்படவில்லை.

படம் எடுத்துப் போடும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வெந்த இறைச்சி ஆறும் வரை படம் எடுப்பது எமது சொந்த நட்டம். ஆனால் அதை வகுப்பு வட்சப் குழுவில் போடும்போது பார்ப்பவர்கள் யார் என்று ஒரு தடவை நினைக்க வேண்டும். அன்றிரவு பாணும் சம்பலும் சாப்பிட்ட தோழிக்கும் அந்தப் படம் போகிறது. எமது வீடுகளில் கறி மணம் அயலுக்குப் போனால் ஒரு கோப்பையில் கறியும் போகும். படத்தோடு கோப்பை போவதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "வெளியே சாப்பிடுவதே வீண்" என்று ஒரேயடியாகத் தட்டிவிடாதீர்கள். வீட்டுக்கு வெளியே, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மேசையில், பிள்ளைகள் உங்களைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்துகொள்ளலாம். வருடத்தில் ஒன்றோ இரண்டோ தடவை, கையில் இருப்பதற்கு ஏற்றபடி போகலாம். போகும்போது விலையை வரியோடு சேர்த்து முன்கூட்டியே கேளுங்கள். பஃபேக்குப் பதிலாகத் தேவையானதை மட்டும் சொல்லி வாங்க முடியுமா என்று பாருங்கள். பல இடங்களில் முடியும், செலவும் குறையும். மிஞ்சியதைக் கட்டித் தரச் சொல்லுங்கள். பஃபேயில் அதற்கு விடமாட்டார்கள் என்பதால் அங்கே முதல் பிளேட்டிலேயே அளவு வேண்டும். கறுத்துக் கருகிய பகுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வெட்டி ஒதுக்குங்கள். பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டு, போகும்போது ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

தோழிகளுக்கு நான் சொல்வது இன்னும் சிறியது. மேசையில் உட்கார்ந்ததும் கைத்தொலைபேசிகளை ஒரு பக்கத்தில் அடுக்கிவையுங்கள். பஃபே என்றால் ஒருவர் போய் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவரட்டும், மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். உம்மா எழும்பப் பார்த்தால் கையைப் பிடித்து உட்கார வையுங்கள். அவர் ஏதாவது சொல்லத் தொடங்கினால், எது மூடப் போகிறது என்றாலும் யாரும் எழும்ப வேண்டாம். இனிப்பு நாளைக்கும் கிடைக்கும்.

கடைக்குப் போக வசதி இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஒரு சட்டியில் கொஞ்சம் சிரட்டைக் கரி, ஒரு கம்பி வலை, எலுமிச்சையும் மிளகாய்த் தூளும் இஞ்சி பூண்டும் பிரட்டிய அரைக் கிலோ கோழி. முற்றமோ மொட்டை மாடியோ, காற்றோட்டமான திறந்த இடமாக இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் கரி எரிப்பது உயிருக்கே ஆபத்து. வாப்பாவோ நாநாவோ தணலைப் பார்த்துக்கொள்ளட்டும், நாங்கள் தட்டுகளைக் கழுவுவோம். அன்று ஒரு நாள் உம்மாவுக்குக் குசினியில் வேலை இல்லை என்று முன்பே சொல்லிவிடுவோம்.

கோழி வேக எப்படியும் நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் அவர்களிடம் கேட்பதற்கு எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும்.